தேயிலைக் கட்டைப் புகை

அக்கரப்பத்தனை
04.06.2024

அன்புள்ள நஸ்லியா,

நீயும் ரிஸ்வி நானாவும் சுகந்தானே? மூன்று நாளாக மழை, சிக்னல் இல்லை. அதனால்தான் கடிதம்.

இந்த வாரம் நம்முடைய குரக்கன் பாஸ்தாவை அனுப்ப முடியாது. முளைகட்டிய குரக்கன் தானியத்துக்குத் தேயிலைக் கட்டையில் புகை போட்டால், அவ்வளவும் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குத்தான் போகிறது. மழையில் அடுப்பை வெளியே வைக்கவும் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும் வேலாயி அக்காவுக்கு இழுப்பு வந்து, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திரும்பி வந்த மனுஷி என்ன சொல்கிறார் தெரியுமா? "நீ வேலைய நிறுத்தாத புள்ள. பொக போடுறப்ப நான் வெளிய போய் ஒக்காந்துக்கிறேன்."

இந்தக் குளிரிலா? அதைக் கேட்ட பிறகு கட்டையைப் பற்றவைக்க எனக்குக் கை வரவில்லை.

தோட்டத்து ஆபீசில் பழைய கொட்டகை ஒன்று கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை ஹோட்டலில் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் பூரணி


ஹட்டன்
10.06.2024

பூரணிக்கு,

வேலாயி அக்காவை நினைத்து மனசு கஷ்டப்பட்டது. ஆனால் அந்த நுவரெலியா ஹோட்டலுக்கு ஒரு வருஷம் நடையாய் நடந்தவள் நான். செஃப் ஜெயகாந்தன் இப்போதுதான் மெனுவில் போட்டிருக்கிறார். சரக்கு வரவில்லையென்றால் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்.

புகை போடாத மாவையாவது அனுப்பு. இங்கே வீட்டிலேயே பிழிந்து காயவைக்கிறேன். மற்றதைக் கேட்காதே.

நஸ்லியா


அக்கரப்பத்தனை
26.06.2024

நஸ்லியா,

உன்னை நம்பித்தான் மாவை அனுப்பினேன்.

அந்த ஹோட்டலில் வேலை செய்யும் நிஷாந்தி நேற்று நம் பாஸ்தா பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கட்டைப் புகை இப்படி மூக்கில் ஏறாது. அது போத்தலில் விற்கிற புகை எசன்ஸ். மேலே ஒட்டியிருக்கிறது: 'தேயிலைக் கட்டையில் புகையூட்டியவர்: பூரணி.' என் பேர், நஸ்லியா! ரோட்டுக்கு ஏறிப்போய் ஆறு தடவை போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை.

ஆறாந் திகதி ஜெயகாந்தன் விருந்தாளிகளோடு புகை போடுவதைப் பார்க்க இங்கே வருகிறாராம். கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு. பள்ளிக்கூடத்தில் உனக்கு நோன்பென்றால் நானும் பகலில் சாப்பிடாமல் பக்கத்தில் இருந்தவள். என் வாயால் உன்னைக் காட்டிக்கொடுக்க வைக்காதே.

பூரணி


ஹட்டன்
03.07.2024

பூரணிக்கு,

நேற்று நுவரெலியா போய்ச் சொல்லிவிட்டேன். ஜெயகாந்தன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பூரணிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியாது சேர். தெரிஞ்சதும் அவதான் என்னைய போய் சொல்லச் சொன்னா" என்றேன். மெனுவிலிருந்து எடுத்துவிட்டார். பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டே வந்தேன்.

கொட்டகை கிடைத்தால் உன்னைத் தன்னிடம் பேசச் சொன்னார். உன்னை மட்டும். அவருடைய நம்பரை ஒரு துண்டில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன்.

உன்மேல் கோபம் போகவில்லை. நீ செய்தது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வருகிறது. கொஞ்ச நாளைக்கு இங்கே வீட்டுப் பக்கம் வராதே, உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

நான் இல்லாமல் எப்படி என்று யோசித்து அவரிடம் பேசாமல் இருந்துவிடாதே, பூரணி. அப்படி இருந்தால், நான் அங்கே போய் நின்றது வீணாகிவிடும்.

நஸ்லியா