நாலாம் மாடிக்குள் முடியாத பந்தயம்

கைகளை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். வெள்ளி மினுக்கும் பசையின் மணம் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் வரவேற்பறையில் சனிக்கிழமைகளில் இருந்த மணம் இது. அம்மா அந்தப் பந்தயக் கிண்ணத்தை மடியில் வைத்துத் தேய்ப்பா. நீங்கள் சக்கர நாற்காலியில் இருந்தபடி, "கைப்பிடிக்குப் பின்னால் இன்னும் கறுப்பு இருக்கிறது" என்று விரலை நீட்டுவீர்கள். மற்றக் கைக்குள் அந்தச் சிறிய பலகைத் துண்டு இருக்கும். கிண்ணத்துக்குள் அது எப்போதும் கிடக்கும். மினுக்கி முடியும்வரை அதைக் கீழே வைக்க விடமாட்டீர்கள்.

இதைத் தமிழில் எழுதுகிறேன், சிஞ்ஞோரே. அம்மாவிடம் நீங்கள் பிடித்துக்கொண்ட தமிழ் 'ஓம்', 'காணும்', 'சோறு' என்பவற்றைத் தாண்டவில்லை. இத்தாலிய மொழியில் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே உங்கள் முகம் வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறவளுக்கு நீங்கள் வாசிக்க முடியாத மொழிதான் வசதி.

பலெர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டில் அம்மா ஏழெட்டு வருடம் வேலை செய்தா. நான் பட்டம் எடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவவுக்கு முழங்கால் வலி வந்தது. "பின்னேரத்தில கிழவரைக் கொஞ்சம் வெளியில தள்ளிக்கொண்டு போய் வா பிள்ளை. உனக்குக் கதைக்க வெக்கம் எண்டால் கதைக்காதை. அவர் ரெண்டு பேருக்கும் சேத்துக் கதைப்பார்" என்று அனுப்பினா.

உங்கள் கட்டடத்து லிஃப்டுக்குள் ஒரு சக்கர நாற்காலியும் ஒரு மெலிந்த ஆளும்தான் பிடிக்கும். அதன் கதவு மூடிய பிறகுதான் நீங்கள் உங்கள் படகுப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவீர்கள். வீதியில் பேசமாட்டீர்கள். வீதியில் கேட்பவர்கள் இருக்கிறார்களாம். லிஃப்டில் நான் ஒருத்திதான், நானும் வாய் திறக்காதவள். இறங்கும்போது ஒரு துண்டு, ஏறும்போது ஒரு துண்டு. நாலாம் மாடியில் கதவு திறந்ததும் "மிச்சம் நாளைக்கு" என்று நிறுத்திவிடுவீர்கள். படகு அலையின் உச்சியில் நிற்கும்போதுகூட அப்படித்தான். அது மறுநாள் பின்னேரம்வரை அந்தரத்திலேயே நிற்கும்.

அந்த நாட்களில் பந்தயப் படகுகளுக்கு இருக்கை கிடையாது என்பதை உங்களிடம்தான் கேட்டறிந்தேன். மரத்தால் செய்த படகு, அதற்குள் காருக்கென்று வார்த்த எஞ்சின். முழங்காலை மடித்து நின்றபடியே ஓட்டவேண்டும். நிமிர்ந்து நின்றவனுக்குப் பல்லு உடையும். உங்களுக்கு முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. வரைபடம் நனைந்து கூழாகிவிடும், பிறகு மலையைப் பார்த்துத்தான் திசை. "நாங்கள் கடலை ஓட்டவில்லை. கடல் எங்களை அடித்தது. அடியை வாங்கிக்கொண்டே யார் தூரம் போகிறான் என்பதுதான் பந்தயம்" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் தொடைகள் போர்வைக்குள் மடிந்து நிமிர்ந்தன. நான் கண்டும் காணாதவள் போலப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் வென்ற பந்தயம் பலெர்மோவிலிருந்து புறப்பட்டு, உஸ்திக்காத் தீவுக்கு அப்பால் விட்டிருந்த ஒரு சிவப்பு மிதவையைச் சுற்றித் திரும்புவது. அன்று கடல் கொந்தளித்தது. மிதவைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டிய நடுவர்கள் வாந்தி தாங்காமல் தீவின் துறைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். உங்களோடு வந்த மெக்கானிக் அடித்தட்டில் கண்ணை மூடிக் கிடந்தார். நீங்கள் மிதவையைச் சுற்றியதைப் பார்த்த கண் உங்களுடையது மட்டும்தான். மிகவும் ஒட்டித் திரும்பியதில் படகின் விலா மிதவையில் உரசி, அதன் சிவப்புப் பெயின்ட் படகின் மரத்தில் ஏறியது. படகை உடைத்தபோது அந்த இடத்தை வெட்டி எடுத்து வைத்தீர்கள். அதுதான் அந்தப் பலகைத் துண்டு.

இரண்டாவதாக வந்தவர் பக்கத்து ஊரான பகேரியாவில் பழைய மாளிகை வீட்டுக்காரர். அதுவரை உங்கள் நெருங்கிய நண்பர். நீங்கள் மிதவையைச் சுற்றாமல் உள்ளாலே வெட்டித் திரும்பிவிட்டீர்கள் என்று கரையிலேயே கத்தினார். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பகேரியாக்காரரைப் பார்த்துக்கொண்டது என் மாமா, அம்மாவின் தம்பி. இந்த ஒன்றை மட்டும் உங்களிடம் நாங்கள் மறைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் பந்தயம் மறுபடி தொடங்கும். மன்னார்க் கடலில் வளர்ந்த இரண்டு பேர் உஸ்திக்காக் கடலுக்காகச் சண்டை பிடிப்பார்கள். மிதவை அவர்கள் வாயில் 'போயா'.

"உங்கட ஆள் போயாவைச் சுத்தவே இல்லை அக்கா. கள்ளன்."

"உன்ர ஆள் வழி முழுக்கச் சத்தியெடுத்துக்கொண்டெல்லோ வந்தவர்? கண்ணில தண்ணியோட அவருக்குப் போயா எங்கை தெரிஞ்சது?"

"அப்ப ஏன் ஒருத்தரும் காணேல்லை?"

"பலகையில சிவப்பு இருக்கு. நான் கையால தொட்டுப் பாத்தனான்."

"சிவப்புப் பெயின்ட் கடையில விக்குது அக்கா. வேணுமெண்டால் உங்கட கதவுக்கும் அடிச்சுத் தாறன்."

அம்மா கரண்டியை ஓங்குவா. மாமா சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எந்த வீட்டில் வேலை செய்கிறார்களோ அந்த வீட்டின் மானத்தை எங்கள் ஆட்கள் சம்பளத்துக்கு வெளியே சுமப்பார்கள். அதில் எனக்கு அப்போது சிரிப்புத்தான் வரும்.

போன வருடம் உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பகேரியாக்காரருக்கும் அப்படித்தான் என்று மாமா சொன்னார். "ரெண்டும் சாக முதல் ஒருக்காக் கதைக்க வேணும்" என்றா அம்மா. எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் கோபக்காரச் சொந்தங்களைச் சேர்த்து வைக்க நடுவில் ஒருவர் போவார். இரண்டு வீட்டிலும், மற்றவர்தான் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கப் பார்க்கிறார் என்று சொல்வார். அது பொய் என்று இரு பக்கத்துக்கும் தெரியும். ஒருவரும் அதைக் கிளறமாட்டார்கள். தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கோபம் தீர்ந்துவிடும்.

அம்மா உங்களிடம் அப்படிச் சொன்னா. மாமா அவரிடம் அப்படிச் சொன்னார். இந்த ஊர்க்காரர்கள் கிளறுவார்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இங்கே படித்தவள் நான்தானே. சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

சந்திப்புக்குக் குறித்த துறைமுகத்துக் காப்பிக்கடைக்கு நீங்கள் கழுத்துப்பட்டி கட்டி வந்தீர்கள். அவர் கைத்தடியோடு, மாமா தோளைப் பிடிக்க, வந்து முன்னால் அமர்ந்தார். ஒருவரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"சொல்லு, கேட்கத்தான் வந்தேன்" என்றார் அவர்.

"நானா? நீயல்லவா…" என்று தொடங்கினீர்கள்.

அவர் முகம் சிவந்தது. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தார். "நீ எனக்கு என்ன சொன்னாய்? இவன் மன்னிப்புக் கேட்கிறான் என்றாயா, இல்லையா? என் வீட்டில் இருந்துகொண்டு எனக்கே பொய்யா?" கைத்தடி மேசையின் விளிம்பில் அடித்தது. மாமாவின் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. அந்த வேலை போனால் அவருக்கு இந்த நாட்டில் இருக்கக் கடுதாசி இல்லை. மாமாவின் உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். உங்கள் நாற்காலியின் கைப்பிடியில் அம்மாவின் விரல்கள் வெளிறியதையும் பார்த்தேன்.

நீங்களும் பார்த்தீர்கள். முதலில் அந்த விரல்களை, பிறகு மாமாவை. இரண்டு முகங்களுக்கும் ஒரே மூக்கு என்பதை அப்போதுதான் கண்டிருப்பீர்கள்.

"அவனை விடு. நான்தான் சொல்லி அனுப்பினேன். மன்னித்துக்கொள். நான் மிதவையைச் சுற்றவில்லை, உள்ளாலே வெட்டினேன்" என்றீர்கள்.

அவர் கைத்தடியைக் கீழே வைத்தார். அவருடைய கண் கலங்கியது. காப்பி வந்தது. நீங்கள் சீனி போட்டுக் கலக்கினீர்கள்.

திரும்பி வந்து லிஃப்டுக்குள் ஏறினோம். அம்மா அடுத்த முறைக்குக் கீழே நின்றா. இரண்டாம் மாடி கடந்த பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "நான் சுற்றினேன். உனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லாதே. தன்னால் வந்தது என்று நினைப்பாள்." கதவு திறந்தது. அன்று 'மிச்சம் நாளைக்கு' என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் பந்தயத்தைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா நம்பிவிட்டா. சொல்லி அனுப்பியது பொய் என்று தெரிந்தவவுக்கு, உள்ளாலே வெட்டியதும் மாமாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. மனிதர் தன் வாயால் ஒத்துக்கொண்டாரே. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா, "நான் அப்பவே சொன்னனான்" என்று சிரிக்க, அம்மா சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "இத்தனை வருசம் ஒரு கள்ளனுக்காகவே நான் வாதாடினனான்" என்றா. உங்களைக் குளிப்பாட்டுவதிலோ சூப் ஊட்டுவதிலோ ஒரு குறையும் வைக்கவில்லை. சனிக்கிழமை வரும், கிண்ணத்தை மட்டும் தொடமாட்டா. அது மஞ்சளாகி, பழுப்பாகி, கறுத்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்லத் தொடங்கினீர்கள். திருப்பியது நான்தான். எல்லாம் தெரிந்துகொண்டு திருப்பினேன். உங்களிடம் எடுத்த கௌரவத்தில் என் மாமா வேலை செய்துகொண்டிருந்தார். என் வீட்டில் அதை வைத்து உங்களையே பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மேசையில் இருந்து சாப்பிட்டேன்.

நீங்கள் போன பிறகு, வீட்டை ஒழிக்க வடக்கிலிருந்து உங்கள் மருமகள் வந்தா. நீங்கள் ஒத்துக்கொண்டதைப் பகேரியாக்காரர் உங்கள் செத்தவீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். "கிண்ணம் அவருக்குத்தான் சேரவேண்டும், நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று மருமகள் அம்மாவிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனா.

இன்று காலை அதை எடுக்கப் போனோம். மெத்தை இல்லாத கட்டில், சுவரில் படங்கள் இருந்த இடங்களில் வெள்ளைச் சதுரங்கள். அம்மா கிண்ணத்தைப் பழைய பேப்பரில் சுற்றத் தொடங்கினா.

"மினுக்கேல்லையா அம்மா?"

"என்னத்துக்கு? களவெடுத்த சாமான் கறுத்தபடியே போகட்டும்."

அப்போது சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா இரண்டு தரம் "என்ன? என்ன?" என்று கேட்டா. லிஃப்டையும் கண்ணாடியையும் சொன்னேன். அம்மா கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தா. அழுவா என்று நினைத்தேன். "எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவரோ?" என்று மட்டும் கேட்டா. பிறகு எழும்பிப் போய், குசினித் தொட்டிக்குக் கீழே எஞ்சியிருந்த பசை டப்பாவைக் கொண்டுவந்தா. பலகைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தா. நான் ஒரு கைப்பிடி, அவ ஒரு கைப்பிடி. நெடுநேரம் தேய்த்தோம். "அங்கை பின்னால இன்னும் கறுப்பு" என்றா. அதன் பிறகுதான் அழுதா.

ரயிலில் கிண்ணத்தை மடியை விட்டு இறக்கவில்லை.

பகேரியாவில் மாமா கேற்றைத் திறந்தார். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாத்தியளே அக்கா? நான் அப்பவே சொன்னனான்."

என் வாய் திறந்துவிட்டது. அம்மா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

"ஓம் தம்பி. நீ சொன்னதுதான் சரி" என்றா.

உள்ளே அந்தக் கிழவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, கைப்பிடியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "நன்றாகத்தான் வைத்திருந்தான்" என்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும், சிஞ்ஞோரே" என்றா அம்மா. "பொய்யனாக இருந்தாலும் கடைசியில் ஆண்மகன் மாதிரி ஒத்துக்கொண்டான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா ஆட்டினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

வெளியே வரும்போது மாமா சட்டைப் பையிலிருந்து புதுப் பெர்மெஸ்ஸோக் கார்டை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "குவெஸ்தூராப் பொலிசில குடுத்திட்டாங்கள், பிள்ளை. வடிவாய்ப் பார். இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பயமில்லை."

அவருடைய படம் அதில் கொஞ்சம் பயந்தாற்போல இருந்தது. நான் வடிவாய் வாசிப்பவள் போலக் குனிந்து நின்றேன். கோட்டுப் பைக்குள் உங்கள் பலகைத் துண்டு இருந்தது. அதன் சிவப்புப் பக்கம் எதுவென்று விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தேன்.