ஆறிய தழும்புக்கு அடியில்

என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு,

நேற்று அடுத்த வீட்டு அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எலும்பு முறிவு வார்டு வராந்தாவில் ஸ்பிரிட் வாடையும் பாலில் நனைத்த ரொட்டியின் வாடையும் கலந்து வந்தன. பழப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கடைசிக் கட்டிலில் நீ படுத்திருப்பாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் மதுரைத் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் கால் போர்டு முன்னால் நாம் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். நீ கோரிப்பாளையத்திலிருந்து வருவாய், நான் திருப்பரங்குன்றத்திலிருந்து. பஸ் விபத்தில் நொறுங்கிப்போன உன் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, மெட்ராஸில் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். தரையில் உட்காரக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மதியம் நாங்கள் கீழே வட்டமாக உட்கார, நீ மட்டும் நாற்காலியில். "குடிமக்களே, யாரு வீட்டுல இன்னைக்கு மீன்கொழம்பு?" என்று மேலேயிருந்து கேட்பாய்.

அடுத்த வருஷமே வலி திரும்பியது. தழும்பு சுத்தமாக ஆறியிருந்தது. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. பார்த்த டாக்டர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஒருவர், "மனசைத் தைரியமா வச்சுக்கம்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ லீவுக்காக நொண்டுவதாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். உன் அத்தா பாவம், பெற்ற தகப்பன், வேலையை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். கழிப்பறையில் அழுதுவிட்டு முகம் கழுவி வந்த ஒரு நாள் என்னிடம் கேட்டாய்: "நடிக்கணும்னா இம்புட்டு கஷ்டப்பட்டா நடிப்பேன், சொல்லு?"

மதுரைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனேன். "சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்குதா?" என்று அவர் கேட்டார். உன்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. நீ தலையாட்டினாய். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, மூட்டு லேசாக ஆடுவதாகச் சொன்னார். அது தானாகத் தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே கிருமி ஒளிந்திருக்கலாம். மூட்டுக்குள் ஊசி போட்டு எடுத்த நீரில் எதுவும் தெரியவில்லை. "திறந்துதான் பாக்கணும். சந்தேகமா இருந்தா பழசை எடுத்துருவேன், உடனே புதுசு வைக்க மாட்டேன். கிருமி இருக்கிற இடத்துல புதுசு வச்சா அதுவும் கெட்டுப் போயிரும்" என்றார்.

அப்படியேதான் செய்தார். உள்ளே சீழ் ஒன்றும் இல்லையாம். ஆனாலும் எலும்பை ஒட்டியிருந்த சதை அவருக்குப் பிடிக்கவில்லை. பல இடங்களில் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மூட்டே இல்லாமல் தைத்துவிட்டார். "இருந்ததையும் எடுத்துட்டு எம்புள்ளைய வெறும் காலோட போட்டுட்டாரே" என்று உன் அத்தா வராந்தாவில் நின்று அழுதார். காலில் எடை கட்டி உன்னை அசையாமல் கிடத்தியிருந்தார்கள்.

முதலில் வந்த முடிவில் ஒன்றும் இல்லை. டாக்டர் விடவில்லை, கிள்ளியெடுத்த சதையை இன்னும் சில நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு சாயங்காலம் நான் உனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். "கிருமி இருக்குதும்மா. மெதுவா வளர்ற ஜாதி. அதான் இம்புட்டு நாளா யாருக்கும் தெரியலை."

நான் பதறிப்போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணீர் காதுக்குள் வடிய வடியச் சிரித்தாய். "இருந்துச்சுல்ல? இருந்துச்சுன்னு அவரே சொல்லிட்டாருல்ல? அத்தாட்ட போய்ச் சொல்லுடி."

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் சொட்டு மருந்து. டியூட்டி முடிந்ததும் நேராக உன்னிடம் வருவேன். இன்றைக்கு யார் யாருக்கு ட்ரங்க் கால் போட்டது, யார் லைனில் சண்டை பிடித்தது என்று ஒன்று விடாமல் கேட்பாய். கிருமி போய்விட்டது என்று உறுதியான பிறகே புது மூட்டு வைத்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகிப் போனது, வலி போனது. திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள், வைகைப் பாலத்தில் நடந்தே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாய். நான் உன் முழங்கையைப் பிடித்தேன். "கையை விடு. விழுந்தா பிடி. இப்பவே ஏன் பிடிக்கிற?" என்றாய்.

நீ விழவில்லை. அதன் பிறகு நாம் ஓய்வுபெறும் வரை எத்தனை சாயங்காலங்கள் அந்தப் பாலத்தில்! ஆற்றில் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, நமக்குப் பேச்சு இருந்தது. போன வருஷம் உன் நெஞ்சு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. அப்போது நான் ஊரில் இல்லை. உன் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

யாராவது வலிக்கிறது என்றால் எங்கே, எப்போது என்று கேட்கிறேன். அது உன்னால் வந்தது. இன்னொன்றும் இருக்கிறது. என் மகனோடு கடைவீதிக்குப் போனால் அவன் முன்னால் போய்த் திரும்பி நிற்கிறான். "கால்ல ஒண்ணும் இல்லையே, ஏம்மா இம்புட்டு மெதுவா வாரே?" என்கிறான். "நீ போ, வாரேன்" என்கிறேன். உன்னோடு நடந்து நடந்து படிந்துபோன வேகம் அது. என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. மாற்றிக்கொள்ள மனமும் இல்லை.