எதிர்க்கடைக்குப் போன படம்

14 ஜூலை 2025, திங்கள்

நாளை மறுநாள் யோகேஸ்வரியிடம் பேச வேண்டும். என் மனைவியின் தம்பி காளிராஜின் மகள். இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் பேசுவதற்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் எழுதி வைத்துக்கொள்கிறேன். கேள்வி: திருத்தங்கலில் இரண்டே இயந்திரம் வைத்துக் காலண்டர் அச்சடிக்கும் சின்ன அச்சகத்துக்கு, வாடிக்கையாளர் விவரம் பார்க்கும் மென்பொருள் தேவையா?

1. தேவை.
2. இப்போது அந்த விவரமெல்லாம் காளிராஜின் தலைக்குள் இருக்கிறது. போன மாதம்தான் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். (வைத்தது இதயத்தில், தலையில் அல்ல. இருந்தாலும்.)
3. காளிராஜ் சொல்வதில் முக்கால்வாசி ஊர் வம்பு. அதை நீக்கினால் மிஞ்சுவதுதான் தகவல்.
4. மென்பொருள் மறக்காது, கோபப்படாது, டீ கேட்காது.
5. மேற்கண்டவற்றில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

ஐந்தாவதைப் படித்துக் காட்டப் போவதில்லை.

16 ஜூலை

முதல் குறிப்பைப் படிக்கும்போதே யோகேஸ்வரி சொன்னாள்: “மாமா, நான் போன வாரமே வாங்கிட்டேன்.”

மற்ற நான்கையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா இந்த ஒரு சீசனை மட்டும் அவளிடம் விட்டிருக்கிறாராம். “தீபாவளிக்குள்ள பழைய பார்ட்டிக எல்லாரும் ஆர்டரோட திரும்பி வரணும். இல்லன்னா மெஷினை வித்துருவேன்னுட்டாக.” சிவகாசியிலிருந்து ஒருவர் வந்து இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்து, தட்டிப் பார்த்துவிட்டும் போயிருக்கிறார்.

விவரங்களை மென்பொருளில் ஏற்றும் வேலை எனக்கு. கல்லூரியில் ஆயுள் முழுக்க வணிகவியல் நடத்தியவன். வாழ்க்கையில் ஒரு மிட்டாய்கூட விற்றதில்லை. பொருத்தமான ஆள்தான்.

22 ஜூலை

காளிராஜ் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.

“சாத்தூரு இசக்கிப்பாண்டி, சேவுக்கடை. அவனுக்கு எதுத்தாப்ல அவன் அண்ணன் அய்யாதுரை. அதுவும் சேவுக்கடைதான். அப்பாரு போனதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது—”

“கைப்பேசி எண்ணை மட்டும் சொல்லுங்க.”

“அட, கேளுங்க அத்தான். ஒருத்தன் காலண்டருக்குன்னு எடுத்த சாமி படத்தை மாதிரி ஆல்பத்துல இருந்து உருவிட்டுத்தான் நான் அடுத்தவன் கடைப்படியே ஏறுவேன். இவன் என்ன சாமி போடுறான்னு காலண்டர் கைக்கு வர்ற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது.”

“அஞ்சல் குறியீடு?”

காளிராஜ், “உங்ககிட்ட படிச்ச பிள்ளைக பாவம்” என்றார்.

‘பிற குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் காலியாக விட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அச்சகத்தில் அடுத்த வருஷக் காலண்டருக்கான புது ஆல்பங்களுக்குப் பூஜை. கற்பூரத் தட்டோடு நடந்தவன் என் வேட்டியை நானே மிதித்தேன். மற்றபடி நல்ல தொடக்கம்.

11 ஆகஸ்ட்

மென்பொருளில் ஒரு வசதி கண்டுபிடித்தேன். ‘உங்கள் பகுதியில் விரும்பப்படும் படம்.’ ஒருவர் படத்தை உறுதிசெய்ததும், அதே அஞ்சல் குறியீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கும் அது தானாகவே வாட்ஸ்அப்பில் போய்விடும். ‘விளம்பரத்தின் பயன்கள்’ என்று வகுப்பில் ஏழு குறிப்பு கொடுத்தவன் நான். டிக் அடித்தேன். யோகேஸ்வரியிடம் பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம்.

19 ஆகஸ்ட்

ஆச்சரியப்பட்டுவிட்டாள்.

இசக்கிப்பாண்டி காலையில் குழந்தை முருகன் படத்தை உறுதிசெய்தார். மென்பொருள் அடுத்த நிமிடமே, கீழே அவர் கடைப் பெயர் அச்சிட்டிருந்த அதே மாதிரியை, எதிர்க்கடை அண்ணனுக்கு அனுப்பிவிட்டது. ‘உங்களுக்கும் பிடிக்கும்!’ என்ற வரியோடு. ஆச்சரியக்குறியோடு!

அய்யாதுரை போனில்: “ஏம்மா, என் தம்பி கடைப் பேரைப் போட்டு எனக்கே அனுப்புறியே, கிண்டலா?”

கடையாட்கள் வழியாகச் செய்தி தெருவைத் தாண்டிவிட்டது. பத்து நிமிடத்தில் தம்பி: “காலண்டர் அடிக்கிறீகளா, எதுத்த கடைக்கு வேவு பாக்கிறீகளா?”

அண்ணன், தம்பி இரண்டு பேர் ஆர்டரும் போச்சு. மாலைக்குள் பாத்திரக்கடை, எண்ணெய்க்கடை என்று ஒவ்வொருவராக, எங்க படம் எங்கெங்க போச்சு என்று கேட்கிறார்கள். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்! அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதே ஒரு சீசன்—

அவள் அப்பாவிடம் “சாப்ட்வேர் தப்புப்பா” என்று மட்டும் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. மென்பொருள் நான் சொன்னதைத்தானே செய்தது? விரல் என்னுடையது.

என் மனைவி சொர்ணலட்சுமி சோறு போட்டபடி சொன்னாள்: “காலேஜ்ல இருந்தவரைக்கும் கெட்டது பிள்ளைக மட்டுந்தான்.”

20 ஆகஸ்ட்

காளிராஜிடம் நானே போய்ச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், பயந்துபோனேன். சிரிப்பாம்.

“நேர்ல போயி முன்னால நில்லுங்க அத்தான்.”

“நின்னா போதுமா?”

“உங்களுக்கு அதுவே பெருசு.”

22 ஆகஸ்ட், வெள்ளி

சாத்தூர். கையில் ஆல்பம்.

முதலில் அய்யாதுரை கடை. கூட்டமாக இருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவர் “என்ன வேணும்?” என்றார். “அரைக் கிலோ காராச்சேவு” என்றேன். கொடுத்தார். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இதற்கா விருதுநகர் வீட்டிலிருந்து பஸ் ஏறினேன்?

அந்தப் பையோடுதான் எதிர்க்கடைக்குள் நுழைந்திருக்கிறேன். படியேறியதும் இசக்கிப்பாண்டியின் கண் பையில் விழுந்தது. அதில் அவர் அண்ணன் கடைப் பெயர் சிவப்பு எழுத்தில்.

“அங்கன வாங்கிட்டு இங்கன எதுக்கு வர்றீக பெரியவரே?”

பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலண்டர் கம்பெனி, மென்பொருள், டிக், என் விரல், ஒன்றுமே செய்யாத அந்தப் பெண். அவர் என் பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடையாட்கள் எல்லாரும் எடை போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“உப்புக் கூடிப்போச்சு அவனுக்கு” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. “அந்த முருகனை அவன் பாத்துட்டான். இனி வேண்டாம். வேற காட்டுங்க.”

மீனாட்சி கல்யாணப் படத்தை எடுத்தார்.

பேருந்து நிலையத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அந்தத் தாளை ஆல்பத்திலிருந்து உருவினேன். பிறகு மறுபடி அய்யாதுரை கடை. காலண்டர் கம்பெனி என்றும், டிக் அடித்த விரல் என்னுடையது என்றும் இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“எதுத்தாப்ல நீங்க போனதைப் பாத்தேன். அவன் என்ன படம் எடுத்தான்?”

“சொல்லக் கூடாதுங்க.”

“முருகனை விட்டுட்டானா?”

“அதையும் சொல்லக் கூடாதுங்க.”

“அட, எனக்கு மட்டும் சொல்லுமய்யா. ஆர்டரை டபுளாத் தாரேன்.”

டபுள் ஆர்டர். யோகேஸ்வரிக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! “வேண்டாங்க” என்றேன். என் குரல்தானா என்று சந்தேகம்.

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். “இதைத்தான் நான் காளிராஜ்ட்ட கண்டது. ஆல்பத்தைக் காட்டும்.”

29 ஆகஸ்ட்

யோகேஸ்வரி அந்த டிக்கை எடுத்துவிட்டாள். ‘பிற குறிப்புகள்’ கட்டத்தைத் திரையின் உச்சிக்கு ஏற்றிச் சிவப்பாக்கியிருக்கிறாள். தினமும் சாயங்காலம் காளிராஜ் பக்கத்தில் உட்காருகிறேன். யாருக்கு யார் ஆகாது, யார் வீட்டில் சம்பந்தி சண்டை, எந்த முதலாளி படத்தைத் தேர்வு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்க உண்மையில் தேர்வு செய்வது அவர் மனைவி என்று எல்லாவற்றையும் அந்தக் கட்டத்தில் ஏற்றுகிறேன். குறுக்கே பேசுவதில்லை. பேசினால் “அஞ்சல் குறியீடு?” என்று கேலி செய்கிறார்.

17 செப்டம்பர்

எண்ணெய்க்கடைக்காரர் வந்துவிட்டார். பாத்திரக்கடைக்காரர் வரமாட்டாராம். மூன்று முறை போனேன். மூன்று முறையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

21 அக்டோபர்

தீபாவளி நேற்று முடிந்தது. பழைய பார்ட்டிகளில் பாத்திரக்கடைக்காரரும் இன்னொருவரும் வரவில்லை. இரண்டுமே என் கைங்கர்யம். மற்ற எல்லாரும் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ‘எல்லாரும்’ என்பதுதான் நிபந்தனை. ஆகவே காலையிலிருந்து நான் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை.

மாலையில் சிவகாசிக்காரர் போன் செய்தார். இயந்திரத்தை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருப்பார் போல. காளிராஜ் கேட்டுவிட்டு, “அது இப்ப எங்கிட்ட இல்லையே அண்ணாச்சி, மொதலாளிட்ட பேசுங்க” என்று போனை யோகேஸ்வரியிடம் நீட்டினார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு, “குடுக்கிற மாதிரி இல்லைங்க” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. காளிராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஜூலையில் எழுதிய ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தவறு. வம்பு என்று நான் நீக்கியதுதான் தகவல். மிச்சம் வைத்தது வெறும் முகவரி.