குழாய்க்குக் கீழே ஒரு கோடு

செவ்வாய்க்கிழமை, இரவு

 

எங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் சாயத்துக்கு வெந்நீர் காய்ச்சும் தொட்டிக்குப் புது ஹீட்டர் காயில் (மின்சுருள்) வந்திருக்கிறது. பழையது அடியில் படிந்த உப்பில் புதைந்து எரிந்துபோனது. அதனால் இந்த முறை உயரத்தில் மாட்டப்போகிறார்கள். தொட்டியின் வெளிப்பக்கம் சூப்பர்வைசர் சாக்பீஸால் கோடு போட்ட இடம், தொட்டியிலிருந்து வெந்நீர் பிடிக்கும் குழாய்க்கும் மேலே.

"சார், குழாய தொறந்தா தண்ணி கீழ போய்டும். காயில் காஞ்சி எரிஞ்சிடும்," என்றேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு நானாக வாய் திறந்தது இன்றுதான்.

"டிகிரி படிச்சா எலக்ட்ரீஷியனாம்மா நீ? போய் வேலைய பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சாயப் பிரிவில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. போன முறை காயில் எரிந்தபோது விறகு அடுப்பிலிருந்து வெந்நீர் தூக்கிக் காலை வேகவைத்துக்கொண்டவள் அவள்தான்.

சாப்பாட்டு நேரத்தில் தொட்டியை நிரப்பிக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் வடிந்து நின்றபோது அவர் கோடு உள்ளே இருந்த மட்டத்துக்கு மேலே, வெறும் காற்றில் இருந்தது. துடைத்துவிட்டேன். குழாய்க்குக் கீழே, உப்பு படியும் மட்டத்துக்கு மேலே, ஆணியால் கீறினேன்.

"யார்ரா இத கீறினது?" சாப்பிட்டு வந்த சூப்பர்வைசர் கத்தினார்.

"நான்தான் சார்."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: "வேல போய்ட்டா இன்னாடி பண்ணுவ?"

போகட்டும். காலையில் காயில் மாட்டத் துளை போட ஆள் வருவதற்கு முன்பே நான் அங்கே நிற்பேன். எல்லோர் முன்னாலும் குழாயைத் திறப்பேன். ஆணிக் கோட்டை அவரால் துடைக்க முடியாது.