நீங்கள் ஒளித்த இருமல்

அக்கா,

இன்று காலை லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எதிரே இருந்தவர் கைக்குட்டைக்குள் இருமினார். அடி நெஞ்சிலிருந்து வரும் காய்ந்த இருமல். பார்க்கிங் ஸ்டேஷனில் இறங்க வேண்டியவள் ஈஸ்ட் ஹாமிலேயே இறங்கி, பிளாட்பாரத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன். உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமைகளில் நூலகத்தின் ஆவண அறையில் நாம் இருவரும் சம்பளமில்லாமல் செய்த வேலை நினைவிருக்கிறதா? இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இந்தப் பகுதியின் சுகாதார அதிகாரிகள் எழுதி வைத்ததைப் படித்து, டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவுக்குப் போனது என்று வரைபடத்தில் புள்ளி வைத்தோம். இன்று சேலைக் கடையும் நகைக் கடையும் இருக்கிற அதே தெருக்கள். ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படுக்கையைத் தூக்கிப் போவார்கள், கிருமி சாக அறையில் கந்தகப் புகை போடுவார்கள், தெருவே நின்று பார்க்கும். அதற்குப் பயந்து சில தாய்மார் பிள்ளையை ஒளித்தார்கள். அப்படியொரு வரி வந்தால் உங்களுக்குப் பொறுக்காது.

"பிள்ளையை ஒளிக்கலாம், வருத்தத்தை ஒளிக்க ஏலுமே?" என்பீர்கள். நோயை நீங்கள் வருத்தம் என்றுதான் சொல்வீர்கள். நான்தான் அந்தத் தாய்மாருக்காக வாதாடுவேன்.

பிறகு உங்களுக்கே இருமல் வந்தது. மகளுக்கு லண்டனின் மறுகோடியில், ரெய்னர்ஸ் லேனில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். டொக்டரிடம் போகச் சொல்லி நச்சரித்தேன்.

"போறன், போறன். கலியாணம் முடியட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு கதை போனா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதே?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க வரச் சொன்னதை நீங்கள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் மாப்பிள்ளையின் தமக்கை கூறைச் சேலை பார்க்கப் போகும்போதெல்லாம் தன் குழந்தையை உங்களிடம்தான் விட்டுப் போனாள். குழந்தை உங்கள் மடியை விட்டு இறங்காது.

தாலி கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். காசநோய்.

உங்கள் மகள் அழுதுகொண்டே எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, நர்ஸ் கேட்டா மாமி ஆக்களின்ர பேரைச் சொல்லாதேங்கோ. அவைக்கு நியூமோனியா எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்."

அடுத்த நாள் காசநோய்ப் பிரிவு நர்ஸ் வந்து, உங்களோடு நெருங்கிப் பழகியவர்கள் யார் யார் என்று கேட்டார். அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி. தாய்மாருக்காக வாதாடியவள், குழந்தையின் பெயரை முதலில் சொன்னேன்.

குழந்தைக்கும் தொற்றியிருந்தது. நேரத்தோடு பிடித்ததால் மருந்தில் தேறி வருகிறது. உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை. மாமி வீட்டில் அவளுக்கு என்னென்ன கதை விழுகிறதோ என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. குழந்தையின் தாய் ஒருநாள் போனில் கேட்டாள்: "முதலே சொல்லியிருந்தா நாங்கள் கலியாணத்தை நிப்பாட்டியிருப்பமோ?" நிப்பாட்டியிருப்பார்களா, அக்கா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது.

எனக்குள்ளும் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறதாம். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போய்விடும் என்கிறார் நர்ஸ். போகட்டும். எனக்காவது சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமைதான் போகமாட்டேன் என்கிறது.