சீல் உடைந்த கியர் ஒயில்

பங்குனி 14, வியாழன்

எல்லாக் காருக்கும் பொதுவான கியர் ஒயில் இங்கே கடையிலேயே இருக்கிறது என்று மெக்கானிக் செல்வம் அன்றே சொன்னான். கொம்பனி சொன்ன ஒயில்தான் வேண்டுமென்று நான்தான் இரண்டு மாதம் பிடிவாதமாக நின்றேன்.

இன்று கொழும்பிலிருந்து அந்த டின்னோடு வந்தேன். கப்பல்துறைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சீலை உடைத்தான். முன்னால் நின்ற மணல் லொறியைக் குத்திப் பார்த்த அதே கம்பியை உள்ளே விட்டுக் கலக்கினான்.

"மண் விழுந்திட்டுது அண்ணை. இதை ஊத்த ஏலாது. கடை ஒயில் எண்டாலும் சீலோட இருக்கு" என்றான் செல்வம். அதையே ஊற்றினோம். மகளின் பிரசவம் வரையாவது கார் ஓடவேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. டின்னைத் திருப்பித் தந்தவனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு சிங்களத்தில் நன்றி சொன்னேன். மரியாதையாக "சேர்" என்றும் சொன்னேன். என் மகளைவிடச் சின்னவன்.