ஆறு பேர் படுக்கலாம்

மார்ச் 9

அம்மாவின் கணவர் கர்ட் டிரெய்லர் வாங்கப் போகிறார். இன்று சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியை உயர்த்திப் பிடித்து அறிவித்தார்: "இந்தக் கோடைல நாம குடும்பத்தோட கேம்ப்பிங் போறோம்." வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கு அயோவாவில் கேம்ப்பிங் என்று பெயர்.

அவருடைய முதல் கல்யாணத்துப் பெண்கள் பிரின்லியும் மேசியும் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். ஒருத்திக்குப் பத்து வயது, மற்றவளுக்கு எட்டு. அம்மா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மசித்த உருளைக்கிழங்கு.

குடும்பம் என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. இருபது வயதில் அதைக் கேட்டால் கெஞ்சுவது போல இருக்கும்.

மார்ச் 16

டிரெய்லர் விற்கும் திடல். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பெயர்: கழுகு, ஓநாய், எல்லை, விடுதலை. 'பதினைந்து வருடத் தவணை' என்று ஒருவனும் பெயர் வைக்கவில்லை.

விற்பனையாளன் ட்ரெவர். என் வயதுதான் இருக்கும். பல் மட்டும் நாற்பது வயதுக்காரனுடையது போலச் சிரித்தது.

"மொத்தம் எத்தன பேர் சார்?"

"நாலு," என்றார் கர்ட்.

"அஞ்சு," என்றாள் அம்மா.

அம்மா அதை உடனே சொல்லவில்லை. எனக்கு வேலை தானியக் கொள்முதல் நிலையத்தில், லாரி எடைமேடையில். சோள லாரி மேடையில் ஏறியதும் எண் ஆடும். அது நின்ற பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும். நிற்க மூன்று நொடி ஆகும். அம்மாவுக்கும் அதே மூன்று நொடி.

"அட, கோரிய விட்டுட்டேன் பாரு!" கர்ட் என் தோளைத் தட்டினார். "பெரிய பொண்ணாச்சே, நம்மகூட எங்க வரப்போறான்னு நெனச்சேன்."

"கவலையே படாதீங்க சார், இதுல ஆறு பேர் படுக்கலாம்!" ட்ரெவர் எங்களை 'கழுகு'க்குள்ளே ஏற்றினான். அறையில் இருவர். அடுக்குக் கட்டிலில் இருவர். மீதி இருவர்? சாப்பாட்டு மேசையின் காலை மடக்கி, பலகையைக் கீழே இறக்கி, சுற்றியிருந்த மெத்தைகளை அதன்மேல் பரப்பினான். "பாத்தீங்களா! டபுள் கட்டில்!"

இருவராம். அதில் ஒருவர் செத்திருந்தால் படுக்கலாம்.

மார்ச் 17

எனக்குப் போக ஆசையா? இல்லவே இல்லை. ஆனா 'வர்றியா'ன்னு என்னக் கேக்கணும் இல்ல? ஒரு தடவ. வாய் வார்த்தைக்காவது.

மார்ச் 30

செகண்ட் ஹேண்ட் ஒன்றைப் பார்க்கப் போனோம். கர்ட் தர்ப்பூசணி வாங்குகிறவர் போலச் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தார். "நல்ல கெட்டியா இருக்கு" என்றார். எது கெட்டி, யாருக்குத் தெரியும்.

அம்மா யாரிடமும் பேசாமல் நேராகப் பின்மூலைக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். குதிகாலால் தரையை அழுத்தினாள். தரை அமுங்கியது, ஊறிய ரொட்டி போல.

"இங்க தண்ணி எறங்கியிருக்கு. கூரை மூலைல பாருங்க, பூச்சு விட்டிருக்கும்."

கர்ட் ஏணி போட்டுப் பார்த்தார். விட்டிருந்தது. "எப்படிக் கண்டுபிடிச்ச டார்லா?"

"எங்கயோ படிச்சேன்."

படித்தாளாம்! பத்து வருடம் அந்த மூலையில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தோம், நானும் அவளும், இரண்டு மாவட்டம் தள்ளி, நெடுஞ்சாலைக்குப் பின்னால். இதே தகரம், இதே ஒட்டுப்பலகை, குளிக்கும்போது முழங்கை இடிக்கும் இதே குளியலறை. பள்ளிக்கூடத்தில் என் பெயர் டிரெய்லர் குப்பை. வருடம் முழுக்க இதில் இருந்தால் குப்பை. வெள்ளி முதல் ஞாயிறு வரை இருந்தால் இனிய குடும்பம். தகரத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கர்ட்டுக்கு இது தெரியாது. "ஊருக்கு வெளிய ஒரு சின்ன வீட்டுல இருந்தோம்" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். பொய் இல்லை. வீட்டுக்குச் சக்கரம் இருந்ததை மட்டும் விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 8

கர்ட் இரண்டு வாரமாக வீடியோ பார்த்து நிபுணர் ஆகிவிட்டார். டிரெய்லரின் மூக்கு இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தை அழுத்துமாம். அந்த அழுத்தம், வண்டிக்குள் நாங்கள், பின்னால் சாமான்கள், வண்டியின் சொந்த எடை, எல்லாம் சேர்ந்து டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணைத் தாண்டக் கூடாது. அந்த எண் ஏழாயிரம் பவுண்டு.

ட்ரெவர் கொடுத்த வழவழப்புத் தாளில் 'கழுகு' இறகு போல இருக்கிறது. கீழே பொடி எழுத்தைப் படித்தேன். அது தண்ணீர் இல்லாமல், கேஸ் இல்லாமல், பாட்டரி இல்லாமல், மனிதர் இல்லாமல் உள்ள எடை. மனிதர் இல்லாவிட்டால் எந்தக் குடும்பமும் இலேசுதான்.

"எல்லாரும் அவங்கவங்க எடையச் சொல்லுங்க," என்று பென்சிலோடு உட்கார்ந்தார். பெண்கள் கத்தினார்கள். அம்மா "நூத்தி நாப்பது" என்றாள். அது நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது அவளுக்கு இருந்த எடை.

"நூத்தி இருபத்தெட்டு," என்றேன் நான். உண்மை.

பென்சில் அசையவில்லை.

ஏப்ரல் 20

வாங்கியாயிற்று. 'கழுகு'. ட்ரெவர் ஒரு தொப்பி இலவசமாகக் கொடுத்தான். கர்ட் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார் என்று நினைக்கிறேன்.

இத்தோடு இறைச்சிக்குப் புகைபோடும் அடுப்பு ஒன்றும் வந்திருக்கிறது. முழு இரும்பு. நூற்று நாற்பது பவுண்டு. பன்றி விலாவை அதில் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டுமாம். காட்டுக்குப் போய் புகை குடிக்க.

மே 11

"நம்ம வண்டி மலையையே இழுக்கும்னு ட்ரெவர் சொல்றான்."

"இழுக்கும் கர்ட். பிரேக் போட்டா நிக்கணுமே. கெளம்புற அன்னிக்கு என் மேடைக்குக் கொண்டு வாங்க, போட்டுப் பாத்துரலாம்."

"வரேன். வந்து உன் மூக்க ஒடைக்கிறேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டும் நல்ல சிரிப்பு இல்லை.

மே 22

நாலு மணிக்கு என் வேலை முடிந்தது. மேடைக் கூண்டில் காலடியில் என் பை தயாராக இருந்தது. நீண்ட வார இறுதி விடுமுறை, சாலை முழுக்க வெள்ளைப் பெட்டிகள். கர்ட் வந்தார். வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில், டிரெய்லரின் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்தச் சொன்னேன். அப்போதுதான் வண்டி தாங்கும் சுமை தெரியும்.

எண் ஆடியது. நின்றது. 7,000.

"பாத்தியா கோரி!" கர்ட் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார். "நூல் பிடிச்ச மாதிரி!"

நான் கூண்டைப் பூட்டிவிட்டுப் போய்ப் பின் இருக்கையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். வெளியே பலகையில் சிவப்பு எண் மறுபடி ஆடியது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

7,120. லாரி மேடை இருபது இருபது பவுண்டாகத்தான் காட்டும்.

பிரின்லி கணக்கில் கெட்டி. "நூத்தி இருபது கூட," என்றாள். "அது கோரி."

கர்ட், வழி கண்டுபிடித்தவரின் மென்மையான குரலில்: "கோரி, உன் கார் இருக்குல்ல? பின்னாடியே வந்துரு. பெட்ரோல் நான் போட்டுர்றேன்."

நான் கதவைத் திறக்கக் கை வைத்தேன். அதற்குள் முன்கதவு திறந்தது. அம்மா இறங்கிவிட்டாள். 6,960. வண்டியின் பின்பக்கம் போய் அடைப்பைத் திறந்தாள்.

"கர்ட், இந்த அடுப்ப எறக்கு."

"அது இல்லாம என்ன கேம்ப்பிங் டார்லா?"

"நானும் கோரியும் பத்து வருஷம் டிரெய்லர்ல குடியிருந்தோம். லீவுக்கு இல்ல. வேற எடம் இல்லாம. ஒரே ஒரு கட்டில், அதுல ரெண்டு பேரு. அப்பக்கூட ஒருத்தர வெளிய நிறுத்துனதில்ல."

கர்ட் தொப்பியைக் கழற்றினார். "நீ சொல்லவே இல்லயே."

"நீ கேக்கல. இன்னொண்ணு, என் எடை நூத்தி நாப்பது இல்ல. நூத்தி அறுவத்திரெண்டு. அதையும் எழுதிக்கோ."

எங்களுக்குப் பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கர்ட்டும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பை இறக்கி, கூண்டுக்குள் தள்ளிப் பூட்டினோம். பையை எடுத்துக்கொண்டேன். கர்ட் ஏறினார், அம்மா ஏறினாள், நான் ஏறினேன். பையோடு சேர்த்து 7,000. சே, அப்பவும் அதே எண்.

இறங்கிப் போய், நின்ற அந்த எண்ணுக்கே சீட்டு அடித்து வந்து கொடுத்தேன். கர்ட் படித்தார், மடித்தார், வெயில்மறைப்பில் செருகினார். வண்டி கிளம்பியது. நான் அழல. அழுதிருந்தாலும் நடுவுல ஒக்காந்திருந்தேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

மே 23

ஏரி. பக்கத்தில் நின்ற 'ஓநாய்' டிரெய்லர்காரி அம்மாவிடம் சொன்னாள்: "இந்த எடம் சுத்தம்ங்க. இதுலயே குடியிருக்குற ஜனங்க யாரும் இங்க வர்றதில்ல." அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் கர்ட்: "நாங்க வந்திருக்கமே." அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அம்மா கர்ட்டைப் பார்த்தாள். மூன்று நொடி இருக்கும்.

மேசையைக் கட்டிலாக்கப் போய் அதன் கால் மாட்டிக்கொண்டது. கர்ட் கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டி ட்ரெவரின் பரம்பரையையே திட்டினார். நான் உதவவில்லை.

மே 24

கண் விழித்தபோது மணி ஒன்பதரை. கூரைமேல் தூறல். முதலில் பின்மூலையைப் பார்த்தேன், பழக்கம். ஒழுகவில்லை.

வெளியே மேசியின் குரல்: "எனக்கு நனையுது. உள்ள மேசைல போய்ச் சாப்டலாம்ல?"

"மேசைல கோரி தூங்கறா," என்றார் கர்ட்.

ஜன்னல் திரையை விலக்கினேன். ஒரு கையில் குடை, மறு கையில் பான்கேக் கரண்டி, தலையில் அந்தத் தொப்பி. குடை அவருக்கு இல்லை, சின்ன கேஸ் அடுப்புக்கு. மற்ற மூவரும் மடியில் தட்டை வைத்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பேருந்து நிலையத்தில் வண்டியைத் தவறவிட்டவர்கள் போல. பக்கத்தில் ஐந்தாவது நாற்காலி, விரித்து, காலியாக, சொட்டச் சொட்ட.

போனேன். பான்கேக் ஆறி, டயர் ரப்பர் மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். உட்கார்ந்தேன். பின்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.